பஷீருதீன் பாய் எடுத்த ஊசல்

கல்பாக்கத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் இருபத்தாறு வருஷமாகக் கல்யாண வீடியோ எடுத்துவருகிறவர் பஷீருதீன் பாய். நிக்காஹ்வோ, முகூர்த்தமோ, மாதா கோயில் கல்யாணமோ, எந்த நிமிஷத்தில் யார் அழுவார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். பெண்ணின் அம்மாவுக்கே அழுகை வரப்போவது தெரியாது. அதற்குள் கேமரா அவள் பக்கம் திரும்பியிருக்கும்.

அவர் வேலையில் ஒரே ஒரு குறை உண்டு. தம்பதிக்குப் பிறந்த குழந்தைக்குப் பேர் வைக்கும்போதுதான் வீடியோ கைக்கு வரும். மற்றபடி யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. பெண்ணின் தாய்மாமன் வீடியோவில் குறைந்தது மூன்று இடத்தில் வரவேண்டும் என்பதில் அவர் கறாராக இருப்பார். ஒருமுறை படாளத்துக் கல்யாணத்தில் தாய்மாமன் ஒரே இடத்தில், அதுவும் சாம்பார் வாளிக்குப் பின்னால் பாதி முகமாக வந்துவிட்டார். அந்த மனிதர் இன்றுவரை தங்கை வீட்டுக்குப் போகவில்லை. அன்றிலிருந்து பாய் முதலில் தாய்மாமனைத் தேடிப் பிடித்துவிட்டுத்தான் மாப்பிள்ளையைத் தேடுவார். கேமராச் சட்டத்துக்குள் தண்ணீர் ட்ரம், துடைப்பம் என்று எது வந்தாலும் அதன்மேல் சுழலும் ரோஜாப்பூ ஒன்றைப் போட்டு மூடிவிடுவார். முக்கியமான காட்சி எதுவோ, தாலியோ கருகமணியோ மாலையோ, அதை மெதுவாக ஓடவிடுவார். வேகமாக ஓடினால் அது விசேஷம் இல்லை என்பது அவர் கட்சி.

இப்படிப்பட்டவரிடம் போய் இயற்பியல் பாடத்தை வீடியோ எடுக்கக் கொடுத்தது தெய்வநாயகி டீச்சரின் தப்புதான். ஆனால் அவருக்கும் வேறு வழி இல்லை.

"பாய், ப்ளஸ் ஒன் சயின்ஸ் குரூப்புக்குப் பதினோரு பேர்தான் பேர் கொடுத்திருக்காங்க," என்றார் டீச்சர். "பதினஞ்சு பேர் இல்லேன்னா குரூப்பையே எடுத்துடுவோம்னு ஸ்கூல்ல சொல்லிட்டாங்க. மார்க் ஷீட் கொடுக்கிற அன்னைக்குப் பத்தாவது முடிச்ச பொண்ணுங்க எல்லாம் அம்மாவோட வருவாங்க. அன்னைக்கு ஹால்ல ஒரு நல்ல சோதனையைத் திரையில போட்டுக் காட்டினா நாலு பேராவது சேருவாங்க."

"நேர்லயே செஞ்சி காட்டுங்களேன் டீச்சர்."

"எலுமிச்சம்பழம் அளவு குண்டு. பின்வரிசைக்கு எங்க தெரியும்?"

அந்தப் பதினோரு பேரில் பாயின் மகள் அர்வாவும் ஒருத்தி. சயின்ஸ் குரூப் இங்கே இல்லையென்றால் அவள் செங்கல்பட்டுக்குப் போய்ப் படிக்கவேண்டும். அர்வாவுக்கும் பஸ்ஸுக்கும் ஒத்துக்கொள்ளாது. திருக்கழுக்குன்றம் வரும்வரை வாயைப் பொத்திக்கொண்டிருப்பாள்; அதற்குமேல் கண்டக்டரே ஜன்னல் சீட்டைக் காலி செய்து கொடுப்பார். தினமும் போகவர இரண்டு தடவை என்று இரண்டு வருஷத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்து, அவளே பயந்துபோயிருந்தாள். இயற்பியலைக் கைவிடவும் அவளுக்கு மனசில்லை.

"அத்தா, இது கல்யாணம் இல்ல. ஞாபகம் வெச்சிக்குங்க," என்றாள்.

"எனக்குத் தெரியாதா? இதுல மாப்பிள எங்க கீறாரு?" என்றார் பாய்.

ஆனால் கை பழகியது பழகியதுதான். ஆய்வுக்கூடத்தில் தாங்கியை வைத்து, ஒரு மீட்டர் நூலில் இரும்புக் குண்டைத் தொங்கவிட்டு, பக்கத்தில் பெரிய நிறுத்துக் கடிகாரத்தையும் வைத்துவிட்டு டீச்சர் நின்றார். பாய் கேமரா வழியாகப் பார்த்தார். மனசு நிறையவில்லை.

"டீச்சர், அந்தக் குண்டப் பாத்து லேசா சிரிங்க."

"குண்டைப் பாத்து நான் எதுக்கு பாய் சிரிக்கணும்?"

"அப்போ பாக்காத மாதிரி நின்னுட்டு, சட்டுனு பாருங்க."

டீச்சர் பார்த்தார். நன்றாகத்தான் வந்தது.

அன்று முதல் ஸ்டூடியோவில் வேலை நடந்தது. பாயின் மனைவி சுராயா எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். அதிகம் பேசமாட்டாள். ஆல்பத்துக்குப் படம் ஒட்டுவது அவள் வேலை; ஒட்டிக்கொண்டே பின்னாலிருந்து திரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"இன்னாங்க, அந்தக் கடியாரத்து மேல பூவ போட்டீங்க?"

"பொண்ணு பக்கத்துல தண்ணி ட்ரம் நின்னா வுடுவியா?"

கொஞ்ச நேரம் கழித்து, "குண்டு தூங்கி வழியுதே," என்றாள்.

"அதான் முக்கியமான சீன், சுராயா."

அவள் அடுத்த படத்துக்குப் பசை தடவினாள். பாய் தன் வழக்கத்துக்கு மிக அவசரமாக, நிகழ்ச்சிக்கு அரைமணி நேரம் முன்னதாகவே பென் டிரைவைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். டீச்சர் முன்கூட்டிப் பார்க்க நேரமே இல்லை. மேடைக் கரும்பலகையில், 'ஒரு மீட்டர் ஊசல், பத்து அலைவு, இருபது வினாடி' என்று எழுதிவைத்துவிட்டு விளக்கை அணைக்கச் சொன்னார்.

திரையில் முதலில் இரண்டு அன்னப்பறவைகள் நீந்தி வந்தன. அவற்றின் நடுவே தங்க எழுத்தில் 'தனி ஊசல்' என்று விரிந்தது. ஷெனாய் ஒலித்தது. தலைமையாசிரியை கதவைத் திறந்துகொண்டு வந்தார். தலைமையாசிரியை நாற்காலியில் உட்கார்ந்தார். தலைமையாசிரியை டீ குடித்தார். ஊசலுக்குத் தாய்மாமன் இல்லையே என்று பாய் யோசித்து, அந்த இடத்தை அவருக்குக் கொடுத்திருந்தார். பிறகு படியிறங்கி வந்த தெய்வநாயகி டீச்சர் நாணத்தோடு நிமிர்ந்து இரும்புக் குண்டைப் பார்த்தார். பூமாரி பொழிந்தது. குண்டு மெல்ல, மிக மெல்ல, ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போனது.

ஹாலே சிரித்தது. அர்வா நாற்காலியில் சரிந்து சரிந்து, கடைசியில் தலை மட்டும்தான் வெளியே தெரிந்தது. அந்தச் சிரிப்பைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, பாய் மார்பில் கைவைத்து எல்லோருக்கும் தலையசைத்தார்.

முன்வரிசையில் ருக்ஸார் என்றொரு பெண். யார் தப்பு செய்தாலும் அதை உடனே சொல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. கையில் அண்ணனுடைய டிஜிட்டல் கடிகாரம்.

"டீச்சர், போர்டுல இருபதுன்னு எழுதிக்கீறீங்க. இதுல பத்து அலைவுக்கு நாப்பது செகண்டு ஆவுது."

டீச்சர் திரையைப் பார்த்தார். கரும்பலகையைப் பார்த்தார். சாக்பீஸை எடுத்துக் கணக்குப் போட்டார்.

"இந்த வீடியோப்படி ஈர்ப்பு முடுக்கம் ரெண்டரைகூட வரலை. ஒன்பது புள்ளி எட்டு வரணும்," என்றார். "அப்படீன்னா பூமியோட ஈர்ப்பு கால்வாசிதான். இந்த ஊர்ல யாராவது குதிச்சா நாலு மடங்கு உயரம் போவாங்க."

"எம்மா, டீச்சருக்கே சரியா வரலன்னா நம்ம புள்ளைக்கு எப்டி வரும்?" என்றாள் நடுவரிசையில் ஒரு தாய். ஏற்கெனவே பேர் கொடுத்திருந்த பெண்ணின் தாய் அவள். எழுந்து மேஜைக்குப் போய், மகள் பேரை அடிக்கச் சொன்னாள். பதினொன்று பத்தாயிற்று.

அர்வா சரிந்த இடத்திலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் முகம் பஸ்ஸில் ஏறியவள் முகம்போல ஆகிவிட்டது.

பாய்க்கு அப்போதுதான் உறைத்தது. 'கேமரா பொய் சொல்லாது' என்று சொல்ல வாயெடுத்தவர், பின்வரிசையைப் பார்த்தார். அங்கே சுராயா உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஹாலில் முக்கால்வாசிப் பேருக்குக் கல்யாணம் எடுத்தவர் அவர். அவர்கள் முன்னால் எழுந்து நிற்பது சுலபமாக இல்லை. ஆனாலும் எழுந்தார்.

"டீச்சர் மேல தப்பு இல்ல. குண்டு ஒழுங்காத்தான் ஆடுச்சி. ஸ்லோ போட்டது நான்தான். கடியாரத்தையும் பூவ வெச்சி மறச்சிட்டேன்."

மூலையிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "பாய், அப்போ எங்க கல்யாணத்துல?"

"உங்களுதும் ஸ்லோதாம்மா."

"அட பாவமே. தாலி கட்டுறதுக்கு இவ்ளோ நேரம் யோசிச்சாரேன்னு பத்து வருசமா அந்த மனுசன திட்டிகினு கீறேன்."

இந்தத் தடவை சிரிப்பு நிற்கவே வெகுநேரம் ஆனது. டீச்சரும் சிரித்துவிட்டார். சிரித்து முடித்ததும் ருக்ஸார் கேட்டாள்: "எவ்ளோ ஸ்லோ பாய்?"

"சொல்லாதீங்க பாய்," என்றார் டீச்சர் சட்டென்று. "நீங்களே கண்டுபிடிங்க."

ஆய்வுக்கூடத்திலிருந்து தாங்கி வந்தது. மேடையைச் சுற்றிப் பெண்கள் மொய்த்துக்கொண்டார்கள். எட்டிப் பார்க்க முடியாத பின்வரிசை எல்லாம் இப்போது மேடைமேலேயே ஏறியிருந்தது. ருக்ஸார் கடிகாரத்தைப் பிடித்தாள். மற்றவர்கள் சத்தமாக எண்ணினார்கள். பத்து அலைவு, இருபது வினாடி. திரையில் மறுபடி ஓடவிட்டார்கள். ஷெனாயோடு பத்து அலைவு, நாற்பது வினாடி.

"பாதி," என்றது கூட்டம்.

"பாதிதான். அம்பது பர்சென்ட் போட்டேன்," என்றார் பாய், பிடிபட்ட திருடனைப்போல.

பேரை அடிக்கச் சொன்ன தாய் அதை மறுபடி எழுதவைத்தாள். அவளைத் தொடர்ந்து இன்னும் மூன்று பேர். பதினான்கு. ருக்ஸார் வரிசையில் நின்றதைப் பார்த்து அவள் அம்மா கையைப் பிடித்து இழுத்தாள்.

"காமர்ஸுனு சொல்லித்தான உன்ன இட்டாந்தேன்?"

"காமர்ஸுக்கும் பாய் வீடியோ எடுப்பாராம்மா?"

"இல்ல."

"அப்போ அங்க நான் இன்னாத்த கண்டுபுடிக்கிறது?"

அம்மா கையை விட்டாள். பதினைந்தாவது பேர் ஏறியது. அர்வா ஓடிவந்து அத்தாவின் கையைப் பிடித்தாள். ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் சிரிப்பு வந்துவிடும்.

பாய்க்கு வந்த தண்டனை அதற்குப் பிறகுதான். பாடத்துக்கு ஒன்று வீதம் வீடியோ வேண்டும், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு தப்பு ஒளிந்திருக்கவேண்டும், பெண்கள் அதை அளந்து கண்டுபிடிக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார் டீச்சர். இருபத்தாறு வருஷத்தில் தெரிந்து ஒரு தப்பும் செய்யாதவருக்கு இது பேஜாராகிவிட்டது. தப்பு தானாக வரும்போது எவ்வளவு எளிதாக வந்தது. வேண்டும் என்று உட்கார்ந்தால் வரமாட்டேன் என்றது. மூன்று நாள் போராடி ஒன்றைச் செய்தார். மகள் பார்த்துவிடாமல் இருக்கக் கம்ப்யூட்டர்மேல் துண்டைப் போர்த்தி வைத்தார்.

பாடம் நடப்பதற்கு முந்தின நாள் சாப்பாட்டில் அர்வா கெஞ்சினாள்.

"அத்தா, இன்னாத்த மாத்திக்கீறீங்க?"

"ஒண்ணும் மாத்தல. சாப்டு."

"அம்மா, நீயாச்சும் சொல்லேன். பின்னாலயே உக்காந்துகினு இருந்தியே."

சுராயா மகள் தட்டில் இன்னொரு மீன் துண்டை வைத்தாள். வெகுநேரம் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு இன்னா தெரியும்?" என்றாள். "நாளைக்கு ஸ்கேல மட்டும் மறக்காம எடுத்துகினு போ."

பாய்க்குப் புரையேறியது.