றுக்கியாவின் வெள்ளையடித்த வீடு

கிண்ணியாவில் ஒரு வீட்டுக்குச் சுண்ணாம்பு பூசினால் அந்த வீட்டில் கலியாணம் என்று அர்த்தம். சும்மா வெள்ளையடித்துப் பார்க்கிற அளவுக்கு எங்கள் ஊரில் எவருக்கும் காசு முற்றிப்போகவில்லை. இது நன்றாகத் தெரிந்திருந்தும் றுக்கியா தன் வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சம்மதித்தாளே, வந்த கேடு, அந்த முசீபத்து, அங்கேதான் தொடங்கியது.

ஓடு போட்ட அந்தக் கல்வீடு அவளுடைய உம்மாவும் வாப்பாவும் சீதனமாக எழுதிக் கொடுத்தது. நாளைக்கு அவள் அதை மகள் ஸல்ஹாவுக்கு எழுத வேண்டும். வீடில்லாத பெண்ணை இங்கே எவனும் கேட்டு வரமாட்டான். அவள் எவ்வளவு குணசாலியாய் இருந்தாலும் சரி.

புருசன் ஸெய்னுதீன் திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்கு இறைச்சியும் மரக்கறியும் கொடுத்துவந்தவர். ஐம்பத்தேழில் வெள்ளைக்காரன் கப்பலேறினான். கொந்தராத்து ஒப்பந்தமும் அவனோடேயே போயிற்று. மனுசன் மட்டும் பழைய நடப்பில் செக் எழுதிக்கொண்டே இருந்தார். கணக்கில் காசில்லாவிட்டாலும் எடுக்கலாம் என்று வங்கி கொடுத்திருந்த ஓவர்ட்ராஃப்டும் எல்லை தாண்டி, மூன்று செக் திரும்பி வந்தன. அதற்கு முன்னமே வீட்டு உறுதிப் பத்திரம் பெரியகடை முதலாளி ஒருவரிடம் ஈட்டுக்குப் போய்விட்டது. றுக்கியாதான் கைநாட்டு வைத்தாள். வட்டி ஹறாம், மார்க்கம் விலக்கியது என்று ஓதிப் படித்தவள். இந்தக் கதை மகளுக்குக்கூடத் தெரியாது.

ஹஜ்ஜுப் பெருநாளோடு தவணை முடிகிறது. தவறினால் வீடு ஏலத்தில் போகும். வங்கி அந்த ஈட்டை மீட்டு, குறைந்த வட்டிக்குத் தானே மறு ஈடு பிடித்தால்தான் தப்பலாம். மனேஜர் திரும்பிய செக்குகளைக் கிளறிக் கிளறிக் கேட்டார். கடைசியில், சரி, வீட்டைப் பார்க்க ஆள் அனுப்புகிறேன் என்றார். வீடு நாலு காசு கூடுதலாகப் பெறுமதி காட்டட்டும் என்றுதான் அந்த வெள்ளை.

இரண்டாம் பூச்சு நடக்கும்போது பக்கத்து வீட்டு உம்மு குல்சும் கிடுகு வேலிக்கு மேலால் தலையை நீட்டினாள்.

"என்ன றுக்கியா, ஊட்டுக்கு வெள்ள அடிக்கிறீங்க?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். வெட்கம் விடவில்லை.

"ஓம், ஸல்ஹாட காரியம் கிட்டவாகுது. வாற மாசம் ஊட்ட அவட பேருக்கு எழுதணும்."

குசினி வாசலில் நின்ற ஸல்ஹா தலையைக் குனிந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கண்டதும் றுக்கியா பொய்யைத் திருப்பி எடுக்க நினைத்தாள். ஆனால் உம்மு குல்சும் அதற்குள் அடுத்த வேலிக்குப் போய்விட்டாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

வங்கிக்காரர் சொன்ன நாளுக்கு ஒரு நாள் முந்தியே வந்து நின்றார். ஸெய்னுதீன் நடுப்பகல் ளுஹர் தொழுகைக்குப் போயிருந்தார். ஆண் துணையில்லாத வீட்டில் அந்நிய ஆம்பிளையை இருத்துவது எப்படி? றுக்கியா கதவுக்குப் பின்னால் நின்றபடி, பக்கத்து வீட்டில் கொஞ்ச நேரம் இருங்கள், இப்போது வந்துவிடுவார் என்று சொல்லி அனுப்பினாள். அங்கே உம்மு குல்சுமின் புருசன் இருந்தான். அரை மணித்தியாலம் தேநீர்க் கோப்பைச் சத்தமும் அவன் சிரிப்பும் வேலி கடந்து வந்தன. என்ன கதைக்கிறார்கள் என்று மட்டும் கேட்கவில்லை. காதைத் தீட்டித் தீட்டி அவளுக்குக் கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

ஸெய்னுதீன் வந்த பிறகு அந்த மனிதர் சுவரைத் தட்டினார், அறைகளை அளந்தார், கிணற்றைப் புகழ்ந்தார். படியிறங்கும்போது ஒன்று கேட்டார்.

"உங்கட மகளுக்கு எப்ப கலியாணம்?"

இன்னும் ஒன்றும் முடிவில்லை என்றார் ஸெய்னுதீன். வந்தவர் சிரித்துவிட்டுக் கொப்பியில் ஏதோ எழுதினார்.

எட்டாம் நாள் கடிதம் வந்தது. அண்மையில் செக் திரும்பிய கணக்கு. போதாததற்கு, விண்ணப்பத்தில் மறைத்துவிட்டு அடுத்த மாதம் மகளுக்கு எழுதிக் கொடுக்கப்போகும் வீடு. இதை ஈடாக எடுக்க இயலாது. ஸெய்னுதீன் இரண்டு தரம் வாசித்தார்.

"எழுதப் போறமெண்டு இவங்களுக்கு ஆர் சொன்ன?"

றுக்கியா கடிதத்தை வாங்கி மடித்தாள். வேலியோரம் அவள் திறந்த வாய்தானே இவ்வளவையும் செய்தது. பெருநாளுக்குப் பதினொரு நாள் இருந்தது.

அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு, ஸல்ஹாவுக்குப் பேசிவந்த மாப்பிள்ளையின் தாய் பல்கீஸ் இரண்டு பெண்களோடும் ஒரு குலை வாழைப்பழத்தோடும் வந்து இறங்கினாள். ஒரு வருசமாக இழுத்தடித்தவள் உம்மு குல்சுமின் சேதி கேட்டுத் தானாகவே வந்திருந்தாள். கதிரையில் சாய்ந்து புதுச் சுவரை ஆசையோடு பார்த்தாள்.

"நாங்க வேறொண்டும் கேக்கல்ல, மச்சி. உறுதிய ஒருக்காப் பாத்தா இண்டைக்கே நாள் வெச்சிரலாம்."

றுக்கியா எழும்பினாள். அதற்குள் ஸல்ஹா திறப்பை எடுத்துக்கொண்டு அறைக்குள் ஓடி, அலுமாரியைத் திறந்துவிட்டாள். தாய் பின்னால் போய்ச் சேரும்போது, உறுதி சுற்றி வைக்கும் பச்சைத் துணி அவள் கையில் வெறுமையாய் விரிந்து கிடந்தது.

"உறுதி எங்க, உம்மா?" என்றாள் ஸல்ஹா.

சுண்ணாம்பு இன்னும் மணக்கிறது என்று முன் அறையில் பல்கீஸ் சொல்லிக்கொண்டிருந்தாள்.