செஸ்ஸும் விளையாட்டுதான் என்று வாதாடிவிட்டு வந்தேன்

இன்று பூந்தமல்லியில் மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். மாவட்ட செஸ் போட்டிக்குப் போகிற நாளில் அவளுக்கு ஆப்சென்ட் போட வேண்டாம் என்று பி.டி. சாரிடம் கேட்கத்தான்.

"இன்னாம்மா, உக்காந்துகினு ஆடறதெல்லாம் ஸ்போர்ட்ஸா? வேர்க்கணும்மா!" என்றார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஆட்டம் முடிஞ்சதும் அவ உள்ளங்கையைத் தொட்டுப் பாருங்க சார், ஈரமா இருக்கும். முதல் நாளே சோறு இறங்காது" என்றேன். விடவே இல்லை.

கடைசியில் சிரித்தார். "சரி, ஸ்போர்ட்ஸ்னே வெச்சுக்கலாம். ஆப்சென்ட் போடல. ஆனா நாளையிலேருந்து மத்த பசங்களோட இவளும் கிரவுண்டுல ஓடணும்."

அவளுக்கு வீசிங் உண்டு, ஓடினால் மூச்சு இழுக்கும். அதைச் சொன்னால் போட்டிக்கே அனுப்ப மாட்டாரோ என்று பயந்து, தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

பஸ் குமணன்சாவடியைத் தாண்டியது. சார் பேசியதைக் கூட நின்று கேட்டிருந்த மகள் மெதுவாகக் கேட்டாள்: "ஓட முடியலன்னுதானேம்மா அப்பா எனக்கு செஸ் போர்டு வாங்கித் தந்தாரு?"

இப்போது தூங்குகிறாள். நான்தான் அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

காலையில் போய், "செஸ் விளையாட்டே இல்ல சார், நீங்க சொன்னதுதான் சரி" என்று சொல்லிவிடட்டுமா? நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? பள்ளிக்கூட மணி அடிப்பதற்குள் சொல்லுங்கள்.