ஒன்பது அங்குல இரையும் பன்னிரண்டு அங்குல மீனும்

சனிக்கிழமை காலை 8.10. அன்ரன் மேல்தளத்திலிருந்து இறங்கி வந்து கதவைத் தட்டினார். மான்ட்ரியலின் வடக்கு ஓரத்தில், அஹுன்ட்சிக்கில், என் மகன் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் அவர். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பத்தெட்டு வயது, பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். ஜூலையில் பிள்ளைகளுக்கு விடுமுறை என்பதால் அவருக்கும் விடுமுறை.

"வசந்தா அக்கா, வெளிக்கிட்டிட்டியளோ? எட்டு மணி எண்டெல்லோ சொன்னனான்."

நான் நாகர்கோவில்காரி. மகனோடு மூன்று மாதம் இருந்துவிட்டுப் போக வந்தவள். வந்த வாரத்திலேயே ஒரு தவறு செய்துவிட்டேன். அன்ரன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், "குளச்சல் எங்க ஊருக்குப் பக்கந்தான். மீனைப் பத்தி எங்கிட்ட யாரும் சொல்ல வேண்டாம்" என்று பெருமையடித்தேன். செவுளைத் தூக்கிப் பார்த்து நல்ல மீன் வாங்கத் தெரியும் என்பதுதான் என் பெருமையின் மொத்தப் பொருள். அன்ரன் என்னை மீன் பிடிக்கிறவள் என்று எடுத்துக்கொண்டு, ஆற்றில் தூண்டில் போட அழைத்துவிட்டார்.

படிக்கட்டில் வைத்து அவர் மனைவி றெஜினா என் கையைப் பிடித்துக்கொண்டு உண்மைக் காரணத்தைச் சொன்னார். போன வருடம் ஒரு ஞானஸ்நான விருந்தில், தங்கூசியை அறுத்துக்கொண்டு ஓடிய ஒரு பெரிய மீனின் கதையை அன்ரன் இரண்டு கைகளையும் விரித்துச் சொல்லியிருக்கிறார். தங்கூசி என்பது தூண்டில் நரம்பு. றெஜினாவின் தம்பி யூட் எல்லோருக்கும் முன்னால், "அத்தான், அது மீனில்லை, முதலை" என்று சொல்ல, மண்டபமே சிரித்திருக்கிறது. பதினொரு மாதமாக இருவருக்கும் பேச்சில்லை. யூட் இருப்பது ஆற்றுக்கு அக்கரையில், லவாலில். காரில் கால் மணி நேரம். ஆனாலும் றெஜினா தம்பியைப் பார்ப்பது மாதா கோவிலில் மட்டும்தான்.

"இவர் ஒரு பெரிய மீனைப் பிடிச்சுக் காட்டினாத்தான் கதைப்பாராம். அதுக்கு ஒரு சாட்சி வேணுமாம். சொந்தக்காரர் சொன்னா ஒருத்தரும் நம்பாயினம் எண்டுதான் உங்களைக் கூட்டிக்கொண்டு போறார்" என்றார் றெஜினா. அவர் சிரிக்கவில்லை.

9.05. வீட்டிலிருந்து பதினொரு கிலோமீட்டரில், லவாலில் ஒரு தூண்டில் கடை. ஊரில் எனக்குத் தெரிந்த தூண்டில் கடை என்றால் ஒரு பெட்டிக்கடையின் மூலையில் தொங்கும் நாலு நரம்புச் சுருள். இங்கே ஒரு சுவர் முழுக்கப் பொய் மீன்கள். உயிருள்ள சின்ன மீனை இரையாகக் கோக்க இங்கே அனுமதி இல்லையாம், அதனால் ரப்பரிலும் பிளாஸ்டிக்கிலும் செய்து வைத்திருக்கிறார்கள். சுவிம்பெயிட் என்று பெயர். தண்ணீரில் இழுத்தால் வால் ஆடி, நிஜமாக நீந்துவது போலத் தெரியும். எனக்கு மூன்று நாள் மீன்பிடி அனுமதிச் சீட்டையும் அங்கேயே வாங்கினோம்.

அன்ரன் நேராகப் போய் ஒன்றைத் தூக்கினார். ஒன்பது அங்குலம். மூன்று மூட்டு, செதில், கண்ணாடிக் கண், அடியில் இரண்டு மும்முனைக் கொக்கி. விலை 54 டாலர் 99 சென்ட். எங்கள் ஊரில் அந்த அளவு மீன் ஒன்றை வாங்கினால் இரண்டு பேர் சாப்பிடலாம்.

"போன்ஜூர்" என்று வந்தாள் கடைப்பெண். இருபத்தைந்து வயதிருக்கும். எந்தத் தண்ணீர், எவ்வளவு பெரிய மீன் வேண்டும் என்று பிரெஞ்சில் கேட்டாளாம். அன்ரன் ஆற்றின் பெயரைச் சொல்லிவிட்டு, மீனுக்கு மட்டும் வாயால் பதில் சொல்லாமல் கைகளை விரித்தார். அவள் விரித்த கைகளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். சாட்சியாக வந்தவள் அதற்குள் வாய் திறப்பது முறையல்ல என்று நான் சுவரிலிருந்த பொய் மீன்களைப் பார்த்தேன்.

அவள் எனக்காக ஆங்கிலத்துக்கு மாறினாள். அந்த ஆற்றில் கிடைக்கும் பாஸ் மீன் பெரும்பாலும் ஓர் அடிதான். அதற்கு மூன்று அங்குல ரப்பர் மீன் போதும், ஈயத்தலைக் கொக்கியில் மாட்டி நரம்பை மெதுவாகச் சுற்றுங்கள் என்றாள். ஐந்து உள்ள பை ஒன்றை நீட்டினாள். 8 டாலர் 49. முதுகு பச்சை, வயிறு வெள்ளி, பார்த்தால் நெத்திலி.

"பெரிய மீன் சின்னனைத் திரும்பியும் பாராது அக்கா" என்றார் அன்ரன், அவளுக்குப் புரியாத தமிழில்.

"எங்க ஊருல சுறாவே நெத்திலி திங்கும்" என்றேன். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஓர் அடி மீனின் வாய்க்குள் முக்கால் அடி இரை எப்படிப் போகும் என்ற கணக்கு எனக்குப் புரிந்தது. அன்ரன் பெரியதை வாங்க, நான் வீம்புக்குச் சின்னப் பையை வாங்கினேன்.

10.20. கடையிலிருந்து ஏழு கிலோமீட்டர் திரும்பி வந்து, பாலத்துக்குக் கீழே அஹுன்ட்சிக் பக்கக் கரை. ஆறு அகலமானது, பழுப்பு நிறம், நடுவில் வேகம். கரையில் பாறைகள். நூறு அடி தள்ளி நீலத் தொப்பி போட்ட ஒருவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். அன்ரனின் முகம் இறுகியது.

"யாருங்க அது?"

"ஆரோ" என்றார். றெஜினாவின் மூக்கு அந்த மனிதருக்கு அப்படியே இருந்தது. யூட்தான் என்று புரிந்துகொண்டேன்.

அன்ரன் எறிந்தார். ஒன்பது அங்குல மீன் கிணற்றில் தேங்காய் விழுந்த சத்தத்தோடு விழுந்தது. குஞ்சுகளோடு அந்தப் பக்கம் இருந்த வாத்து ஒன்று குடும்பத்தோடு இடம் மாறியது. அவர் இழுத்தார், எறிந்தார், இழுத்தார். ஒரு முறை மட்டும் ஒரு மீன் இரையின் பின்னாலேயே கரைவரை வந்தது. இரையின் நீளம்தான் அதற்கும். சொந்தக்காரரா என்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது.

இதற்குள் யூட் நான்கு மீன் பிடித்து நான்கையும் விட்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் அன்ரன் ஆற்றைப் பார்த்தபடியே, "குஞ்சு" என்றார்.

11.40. பெரிய இரை பாறை இடுக்கில் சிக்கிக்கொண்டது. அன்ரன் வலப்பக்கம் நடந்து இழுத்தார், இடப்பக்கம் நடந்து இழுத்தார், மாதாவைக் கூப்பிட்டு இழுத்தார். நரம்பு அறுந்தது. 54 டாலர் 99 ஆற்றோடு போயிற்று. அவர் பாறையில் உட்கார்ந்தார். றெஜினா தேங்காய்ச் சம்பல் வைத்துக் கட்டிக்கொடுத்த பாணை, எங்கள் ஊர் ரொட்டியை, நீட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்தார்.

"ஒரு வருசமாக் கதைக்கேல்லை அக்கா. சின்னவனா இருக்கேக்க அவனைச் சைக்கிள் பாரில வைச்சுக்கொண்டு போனனான். எனக்குப் பெரிசா ஒண்டு வேணும். இல்லாட்டி எந்த முகத்தோட போய்க் கதைக்கிறது?"

நெத்திலிப் பையை எடுத்து நீட்டினேன். அவர் பெருமூச்சு விட்டு, ஒன்றை எனக்கென்று கொண்டுவந்திருந்த தூண்டிலில் மாட்டி, "நீங்களே எறியுங்கோ. எனக்கு இதைக் கையால தொட்டதே வெக்கமாக் கிடக்கு" என்றார்.

என் முதல் எறி பின்னால் இருந்த மரத்தில் விழுந்தது. இரண்டாவது என் செருப்புக்குப் பக்கத்தில். மூன்றாவது பதினைந்து அடி தள்ளி, ஒரு பாறையின் நிழலில். கடைப்பெண் சொன்னபடி மெதுவாகச் சுற்றினேன். ஐந்தாவது சுற்றில் யாரோ கையைப் பிடித்து இழுத்தது போல ஓர் இழுப்பு வந்து முழங்கைவரை ஏறியது.

"ஐயோ, பிடிச்சுட்டு! அன்ரன், பிடிச்சுட்டு!"

மீன் தண்ணீரைவிட்டு எம்பி, தலையை உதறி விழுந்தது. அன்ரன் பாண் பொட்டலத்தை மிதித்துக்கொண்டு எழுந்தார். "வலை! வலை!" கைவலை காரில் இருந்தது. கார் முன்னூறு அடிக்கு அப்பால்.

நீலத் தொப்பி தன் வலையோடு பாறை பாறையாகத் தாவி ஓடி வந்தது.

"அத்தான், கம்பை உயத்தச் சொல்லுங்கோ! தங்கூசி தொய்யுது!"

"எனக்குத் தெரியுமடா! நீ வலையைத் தண்ணிக்குள்ள வை!"

பதினொரு மாதத்துக்குப் பின் அவர்கள் பேசிக்கொண்ட முதல் வார்த்தைகள் இவை. இருவருக்கும் நடுவில் நான். ஒருவர் சுற்று என்றார், ஒருவர் சுற்றாதே என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டு பின்னால் நடந்தேன். அன்ரன் குனிந்த வேகத்தில் பாசியில் வழுக்கி இடுப்பளவு ஆற்றுக்குள் இறங்கிவிட, யூட் ஒரு கையால் வலையையும் மறு கையால் அத்தானின் சட்டைக் காலரையும் பிடித்துக்கொண்டார். இரண்டையும் விடவில்லை.

வலைக்குள் கிடந்தது ஒரு பாஸ். வெண்கலமும் பச்சையும் கலந்த உடம்பு, சிவந்த கண். யூட் அளவுநாடா வைத்தார். பன்னிரண்டு அங்குலம். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

மூவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அன்ரனின் கால்சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அண்டைக்கு அறுத்துக்கொண்டு போனதும் இதளவுதான் இருக்கும்" என்றார் அன்ரன், மீனிடம் சொல்வது போல. "கைதான் விரிஞ்சு போச்சுது."

யூட் அளவுநாடாவைச் சுருட்டினார். பிறகு தொப்பியைக் கழற்றினார். "இல்லை அத்தான். அது பெரிசு. நான் அண்டைக்குப் பாலத்துக்கு மேல நிண்டனான். தண்ணிக்கு மேல வரேக்க கண்டனான்."

"கண்டனியோ?"

"ஓம். எனக்கு அந்த வருசம் ஒண்டும் பிடிபடேல்லை. அந்த எரிச்சலிலதான் அப்பிடிச் சொன்னனான்."

அன்ரன் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் யூட்டின் தோளில் ஓங்கி ஓர் அடி கொடுத்தார். பிறகு அந்தக் கையை அங்கிருந்து எடுக்கவில்லை. இதற்கிடையில் என் மனது புளியைக் கரைத்து, தேங்காய் அரைத்து, அந்த மீனைச் சட்டியில் போட்டு முடித்திருந்தது. இரண்டு பேரும் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அதைத் தண்ணீரில் விட்டுவிட்டார்கள்.

பிற்பகல் 1.30. றெஜினா கதவைத் திறந்தார். ஈரக் கால்சட்டையோடு கணவர், பின்னால் தம்பி. அவர் என்னிடம் மீன் எவ்வளவு பெரிது என்று கேட்கவே இல்லை. "உள்ளுக்க வாடா, மத்தியானம் சாப்பிட்டனியோ?" என்று தம்பியைத் திட்டிவிட்டு, ஜான்-டலோன் சந்தையில் வாங்கி உறையவைத்திருந்த மீனை வெளியே எடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு வெகு நேரம் குழாய்த் தண்ணீரில் கழுவினார். மேசையில் அத்தானும் மச்சானும் அடுத்த தடவை இரை மூன்று அங்குலமா நான்கு அங்குலமா என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்று மாதமும் முடிந்து, செவ்வாய்க்கிழமை நான் விமானம் ஏறினேன். மான்ட்ரியலில் நான் பார்த்த அந்த ஆற்றில் ஒரு மீனைப் பிடிக்க அதற்கு என்ன பிடிக்கும், எவ்வளவு வாய் திறக்கும், எந்த வேகத்தில் இழுத்தால் நம்பும் என்றெல்லாம் யோசிக்கிறார்கள். பிறகு அதைத் திருப்பி விட்டுவிடுகிறார்கள். ஊருக்கு வந்த முதல் ஞாயிறு, வடசேரிச் சந்தையில் ஒரு பாரை மீனைத் தூக்கிப் பார்த்தபடி மீன்காரியிடம் கேட்டேன், "இதுக்கு என்ன இரை போட்டுப் பிடிச்சாங்க?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "வலை போட்டுத்தாம் பிடிச்சாவ. வேணும்னா எடுங்கம்மா, இல்லேன்னா கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வெயில் ஏறுது."