பாடத்துக்காகக் குடித்த பீடி

என் நைனாவுக்கு மூன்று பாஷை தெரியும். மாட்டிடம் கன்னடம், மேஸ்திரியிடம் தெலுங்கு, வீட்டில் எங்களிடம் தமிழ். எங்கள் பள்ளிக்கூடத்து டீச்சரம்மாவின் முன்னால் மட்டும் மூன்றும் தொண்டையில் சிக்கிக்கொள்ளும். "ஆமாங்க", "சரிங்க" என்ற இரண்டு வார்த்தைகளுக்கு மேல் வெளியே வராது. அப்போது அதைச் சொல்லிச் சொல்லி அவரைக் கேலி செய்திருக்கிறேன். இப்போது நினைத்தால் கோபம்தான் வருகிறது.

ஐம்பதுகளின் தொடக்கம் அது. மத்திகிரி மாட்டுப்பண்ணையில் காளைகளுக்குத் தீனி வெட்டிப் போடுவதும் தண்ணீர் காட்டுவதும் கொட்டகை கழுவுவதும் நைனாவின் வேலை. ஓசூர்ப் பக்கத்துக் காலைக் குளிரில் பீடி இல்லாமல் பொழுது விடியாது என்பது ஆண்களின் கட்சி. குளிருக்கு ஒன்று, வெளிக்குப் போக ஒன்று, சோற்றுக்குப் பின்னால் ஒன்று, சும்மா இருந்தால் அதற்கும் ஒன்று. வைக்கோல் போர் பக்கம் நெருப்பே ஆகாது என்று பண்ணையில் கண்டிப்பு இருந்ததால் மதிலுக்கு வெளியே போய்க் குந்தியபடி குடித்துவிட்டு வருவார்கள். நைனா எழுந்ததும் இருமத் தொடங்குவார். எங்கள் வீட்டுக்குச் சேவல் தேவைப்படவில்லை.

டீச்சரம்மா கிருஷ்ணகிரிக்காரர். வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள். மத்திகிரியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்தார். சுகாதாரப் பாடம் என்றால் அவருக்கு உயிர். மற்ற வாத்தியார்கள் புத்தகத்தை ஒருவனிடம் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்லிவிட்டுக் கண் அசருவார்கள். இவர் அப்படியில்லை. எங்கள் நகத்து அழுக்கை எங்களுக்கே பூதக்கண்ணாடியில் காட்டி அருவருக்க வைத்தவர். கண்ணால் பார்க்காததை நம்பாதீர்கள் என்பார்.

நான் நாலாவது படித்தபோது நுரையீரல் பாடம் வந்தது. பீடிப் புகை உள்ளே போய் என்ன செய்கிறது என்பதைக் காட்ட வேண்டும். காட்டுவதற்கு யாராவது பீடி குடிக்க வேண்டும். டீச்சரம்மா குடிக்க முடியுமா? பெரிய வாத்தியார் பொடி போடுகிறவர், பீடியைத் தொடமாட்டார். "யாரோட அப்பா பீடி குடிப்பாரு?" என்று டீச்சரம்மா கேட்டதும் பாதிக் கைகள் உயர்ந்தன. நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

"எங்க நைனா ரொம்ப நல்லா குடிப்பாரு டீச்சர்."

வகுப்பு சிரித்தது. டீச்சரம்மாவும் சிரித்துவிட்டு, நாளைக்கு வரச் சொல் என்றார்.

நைனா அதற்கு முன் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்ததில்லை. படிக்கவும் போகவில்லை, என்னைச் சேர்க்கவும் அம்மாதான் வந்தாள். மறுநாள் மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு, திருவிழாவுக்குப் போடுகிற சட்டையைப் போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வந்தார். டீச்சரம்மா நாற்காலியைக் காட்டினார். அவர் உட்காரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு மேஜைக்குப் பக்கத்தில் நின்றார். பெருமை அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

டீச்சரம்மா தன் வெள்ளைக் கைக்குட்டையைக் கொடுத்தார். புகையை உள்ளே விடாமல் வாயில் மட்டும் வைத்திருந்து, துணியை உதட்டோடு ஒட்டிப் பிடித்து ஊத வேண்டும். நைனா ஊதினார். துணியில் பழுப்பாக ஒரு வட்டம் விழுந்தது. டீச்சரம்மா அதை வரிசை வரிசையாகக் காட்டிக்கொண்டு வந்தார். பிறகு, "இப்ப எப்பவும் குடிக்கிற மாதிரி நல்லா உள்ள இழுத்துட்டு ஊதுங்கய்யா" என்றார். நைனா கண்ணை மூடி இழுத்தார். துணியின் இன்னொரு மூலையில் ஊதினார். இந்த வட்டம் இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்கு வெளுப்பாக இருந்தது.

"ஒரே பீடி, ஒரே ஆளு. முதல்ல அவ்வளவு அழுக்கு வந்துது. இப்ப காணோம். எங்க போச்சு?"

"வயித்துக்குள்ள டீச்சர்" என்றான் ஒருவன். டீச்சரம்மா பலகையில் வரைந்திருந்த நுரையீரலைக் குச்சியால் தொட்டார். அப்புறம் அதே குச்சியால் நைனாவின் சட்டைப் பொத்தானுக்குப் பக்கத்தில் தொட்டார். "இங்கதான் இருக்குது. தினம் தினம் சேருது. கைக்குட்டையத் துவைச்சுடலாம். இதத் துவைக்க முடியாது."

எல்லாப் பிள்ளைகளும் என் நைனாவின் நெஞ்சையே பார்த்தார்கள். நைனாவும் குனிந்து பார்த்துக்கொண்டார். பிள்ளைகள் சிரிக்கவும் அவரும் சேர்ந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று சாயங்காலம் எனக்குச் சோறு இறங்கவில்லை. என்ன கண்ணு என்று நைனா கேட்டார்.

"உள்ள இருக்கற அழுக்க எப்பிடி நைனா எடுக்கறது?"

"இருமினா வந்துடும்."

"வராது. துவைக்க முடியாதுன்னு டீச்சர் சொன்னாங்க. நீ செத்துப்போயிடுவ."

சொல்லிவிட்டு ஓவென்று அழுதேன். செத்துப்போவது என்ற வார்த்தையை அந்த வீட்டில் யாரும் அப்படிப் போட்டு உடைத்ததில்லை. அம்மா அதட்டுவாள் என்று பார்த்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நைனா தட்டில் கை கழுவினார். மறுநாள் காலையில் மிச்சமிருந்த பீடிக்கட்டை அடுப்பில் போட்டார். "நான் கழுதையாட்டம் கத்தினப்போ கேக்கல. கைக்குட்ட சொன்னா கேக்குது" என்றாள் அம்மா. குரலில் கோபமே இல்லை.

விட்டது லேசில் இல்லை. சோறு குழைந்தால் குற்றம், குழையாவிட்டால் குற்றம், நான் சத்தமாக மூச்சுவிட்டால் அதுவும் குற்றம். வறுத்த புளியங்கொட்டையை மடியில் கட்டிக்கொண்டு போவார். பீடி நினைப்பு வரும்போதெல்லாம் ஒன்றை வாயில் போட்டுக் கடித்துக்கொண்டிருப்பார். கூட்டாளிகள் மதிலுக்கு வெளியே போகும்போது இவர் காளைகளோடு நின்றுவிடுவார். பொம்பளைப் பிள்ளை அழுததற்குப் பயந்தவன் என்று அவர்கள் கிண்டல் செய்தார்கள். ஆமாம், பயந்துட்டேன் என்று சொல்லிவிடுவாராம்.

ஆடி போய் ஆவணி வந்தது என்பது போல மாதங்கள் போயின. காலை இருமல் அடங்கியது. தீவனக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு மேட்டில் மூச்சு வாங்காமல் ஏறினார். கிட்டே போனால் பச்சைப் புல்லும் மாடும் மட்டும் மணக்கும். என்னால்தான் என்று எனக்கு ஒரே கர்வம். டீச்சரம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று ஆசை. ஆனால் கேட்காத கேள்விக்கு டீச்சரிடம் போய்ப் பதில் சொல்லும் வழக்கம் எங்களுக்குக் கிடையாது. கேட்டால் எழுந்து நின்று சொல்லுவோம். அவர் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் நான் ஐந்தாவது. நாலாவதும் ஐந்தாவதும் ஒரே கூடம், நடுவில் ஒரு கரும்பலகைதான் தடுப்பு. இன்ஸ்பெக்டர் வரப்போகிறார் என்று பள்ளிக்கூடமே சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தது. டீச்சரம்மா என்னைக் கூப்பிட்டு ஓர் அணாவைக் கையில் வைத்தார்.

"போன வருஷம் உங்கப்பா எவ்வளவு நல்லா செஞ்சு காட்டினாரு. இன்ஸ்பெக்டர் முன்னால அந்தப் பாடத்தத்தான் எடுக்கப்போறேன். அவரை வரச் சொல்லு. பீடி நாமளே வாங்கி வச்சுடுவோம், அவருக்கு எதுக்குச் செலவு?"

"சரிங்க டீச்சர்" என்றேன்.

கடைக்காரர் பீடிக்கட்டை எடுத்து வைத்துவிட்டு, "உங்க நைனா விட்டுட்டாருன்னாங்களே, மறுபடியுமா?" என்று கேட்டார். பாடத்துக்கு என்றேன். சிரித்தார். ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. டீச்சரம்மா ஒருத்தருக்குத்தான் தெரியவில்லை.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் நைனாவின் முகம் மலர்ந்தது.

"டீச்சரம்மாவே கூப்புட்டாங்களா? இன்ஸ்பெக்டர் முன்னாலயா?"

"நீதான் விட்டுட்டியே நைனா. நான் சொல்லிடறன்."

"சொல்லாத கண்ணு. நம்மள நம்பி ஏற்பாடு பண்ணிட்டாங்க. மொகத்துக்கு நேரா முடியாதுன்னா நல்லாவா இருக்கும்? ரெண்டு இழுப்பு. அவ்வளவுதான்."

"கொள்ளிக்கட்டைய எடுத்துத் தலைய சொறிஞ்சிக்கப் போறியாய்யா?" என்றாள் அம்மா. "மதிலுக்கு அந்தாண்ட எவனக் கூப்பிட்டாலும் வருவான். உன்னத்தான் கூப்பிடணுமா?"

"என்னத்தானே கூப்பிட்டாங்க" என்றார் நைனா.

அதுதான் விஷயம். வாழ்நாளில் அவரை மதித்து ஒரு படித்தவர் கூப்பிட்ட இடம் அது ஒன்றுதான். மற்ற இடங்களில் "டேய்" என்றுதான் கூப்பிடுவார்கள். 'வாங்கய்யா' என்ற ஒரு சொல்லுக்கு அவர் எதையும் குடித்திருப்பார்.

பாடம் பிரமாதமாக நடந்தது. முதல் வட்டம் அழகாக விழுந்தது. இரண்டாவதற்கு நைனா நெஞ்சு நிறைய இழுத்தார். உடனே இருமல் பிடித்துக்கொண்டது. கண்ணில் தண்ணீர் வர, மேஜையைப் பிடித்துக்கொண்டு இருமினார். டீச்சரம்மா சமயத்தை விடாமல், "பாத்தீங்களா, குடிக்கிறவங்க நெஞ்சு எப்படி ஆயிடுதுன்னு" என்றார். இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். பலகைக்கு இந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தெரியும், அது குடிக்கிறவனின் இருமல் இல்லை. விட்டவனின் இருமல். எழுந்து சொல்ல நாக்கு துடித்தது. இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருக்கிற கூடத்தில் ஐந்தாவது படிக்கிற பெண் எழுந்து பேசுவதா? நைனா இருமி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி இழுத்துச் சரியாக ஊதினார்.

இன்ஸ்பெக்டர் போன பிறகு டீச்சரம்மா மிச்சப் பீடிக்கட்டை எடுத்து நைனாவிடம் நீட்டினார். "நான் இத வச்சுகிட்டு என்ன செய்யப்போறேன்? நீங்களே எடுத்துக்குங்கய்யா." தனியாக இருக்கிற பெண்ணின் அறையில் பீடிக்கட்டு இருந்தால் ஊர் என்ன பேசும்? நியாயம்தான். நைனா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பிரசாதத்தைக் கூட அவ்வளவு பணிவாக வாங்கி நான் பார்த்ததில்லை.

டீச்சரம்மா கொடுத்ததை எறிய மனசில்லை என்று சட்டைப் பையில் வைத்திருந்தார். இரண்டு நாள் வெறுமனே வைத்திருந்தார். மூன்றாவது நாள் மதிலுக்கு வெளியே போனார். "பழைய குருடி கதவத் திறடி" என்று அம்மா முணுமுணுத்தாள். நான் மறுபடி அழுது பார்த்தேன். அழுகைக்கு ஒருதரம்தான் பலம் போலிருக்கிறது. "விட்டுடறன் கண்ணு, விட்டுடறன்" என்று தலையைத் தடவிக் கொடுத்தார். விடவில்லை. முன்பு விட்டவருக்கு மறுபடி விடுவது சுலபம் என்று நினைத்திருந்தேன். நேர்மாறாக இருந்தது. அதற்கடுத்த வருஷமும் பாடத்துக்குப் போனார். அந்தத் தடவை இருமல் வரவில்லை.

பிறகு டீச்சரம்மாவுக்குக் கிருஷ்ணகிரிக்கே மாற்றல் ஆகிவிட்டது. ஐம்பதுகள் முடிகிற சமயத்தில் நைனாவால் வேலைக்குப் போக முடியவில்லை. கிணற்றடி வரை நடந்தால் உட்கார்ந்துவிடுவார். நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்த டாக்டர், அதிகம் பேசாமல் மருந்து எழுதிக் கொடுத்தார். இருபது வருஷம் குடித்த நெஞ்சு. அன்று விட்டதை விட்டபடியே இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று எந்த டாக்டரும் எனக்குச் சொல்லவில்லை. நானாகத்தான் சொல்லிக்கொள்கிறேன். சொல்லிக்கொண்டு எரிந்துபோகிறேன்.

கேள்விப்பட்டு டீச்சரம்மா பஸ் பிடித்துப் பார்க்க வந்தார். சாத்துக்குடி வாங்கி வந்திருந்தார். பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலி வாங்கிப் போட்டேன். நைனா அவரைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. தலையணையில் சாய்ந்தபடியே கையைக் கட்டிக்கொண்டார். அவர் மூச்சு இழுக்கும் சத்தத்தைக் கேட்டு டீச்சரம்மாவின் கண் கலங்கிவிட்டது. நல்ல மனுஷி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"எத்தனை வாட்டி ஐயா, உங்க கையாலயே செஞ்சு காட்டினீங்க. உங்க கண்ணாலயே பாத்தீங்க. அப்பவும் விடணும்னு தோணலையா உங்களுக்கு?"

அம்மா விருட்டென்று அடுப்படியிலிருந்து வந்தாள். "விட்டாருங்க" என்று சொல்ல வாயைத் திறந்தாள். நைனா அவளைப் பார்த்தார். கட்டியிருந்த கையை எடுக்காமலே, வேண்டாம் என்று விரலை மட்டும் அசைத்தார். அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள்.

நைனா மூச்சைத் தேடிப் பிடித்து, டீச்சரம்மாவுக்குப் பதில் சொன்னார். அவரிடம் என் நைனா பேசிய ஒரே முழு வாக்கியம் அதுதான்.

"எனக்குத்தான் புத்தி பத்தலைங்க டீச்சரம்மா."