மூன்றாம் நாள் கை பார்த்தார்கள்

என் மகளுக்கு ஒன்பது மாதம் ஆனபோது எனக்குச் சயரோகம் என்று தெரிந்தது. எங்கள் ஊர் நாகர்கோவிலில் இருந்து மூன்று மைல். அப்போது திரு-கொச்சி ராஜ்யத்தில் இருந்தோம். மிஷன் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு மாதமாக இருமல், சாயங்காலமானால் லேசான காய்ச்சல். பிரசவம் ஆன உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா என்னை விட்டுவிட்டு என் வீட்டுக்காரரிடம்தான் பேசினார். இடது நுரையீரலில் நிழல் இருக்கிறது, புது ஊசி வந்திருக்கிறது, ஒரு வருஷத்துக்கு மேல் விடாமல் மருந்து எடுத்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்றார். ஐந்து வருஷம் முன்னால் வந்திருந்தால் இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன் என்றும் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, குழந்தையை இன்றே பிரித்துவிட வேண்டும் என்றார்.

என் வீட்டுக்காரரின் அக்கா எங்களோடுதான் இருந்தார். நான் மைனி என்று கூப்பிடுவேன். அவர் புருஷன் மலையில் ரப்பர் எஸ்டேட்டில் வேலை, மாதம் ஒருமுறை வருவார். மைனிக்கும் ஆறு மாதத்தில் ஒரு பையன். ஆஸ்பத்திரியில் இருந்து நாங்கள் வந்து விஷயத்தைச் சொன்னதும் மைனி எழுந்து வந்தார். என் கையில் இருந்த மகளை வாங்கிக்கொண்டு உள்ளே போய்ப் பால் கொடுக்க உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்குப் பின்னால் தென்னை விளையில் எனக்குத் தனியாக இருக்க ஒரு ஓலைப்புரை கட்டினார் என் வீட்டுக்காரர். தட்டு, தம்ளர், பாய் எல்லாம் தனி. கம்பவுண்டர் சைக்கிளில் வந்து ஊசி போட்டுவிட்டுப் போவார். கூடவே ஒரு பொடி, வாயில் வைக்க முடியாத கசப்பு. முதல் வாரம் பால் கட்டி நெஞ்சு கல்லாகிவிட்டது. பால் வற்றுவதற்காக என் வீட்டுக்காரர் துணியில் பிச்சிப்பூ பொதிந்து, நெஞ்சில் கட்டிக்கொள்ளக் கொண்டுவந்து தருவார். வீட்டில் குழந்தை அழுகிற சத்தம் கேட்டால் அந்தப் பூவும் துணியும் பாலில் நனைந்துவிடும்.

தினமும் காலையில் மைனி மகளைத் தூக்கிக்கொண்டு பலாமரம் வரை வருவார். அதற்கு இப்புறம் வரக்கூடாது என்று கோடு. அங்கே நின்று என்னைக் காட்டி, "அம்மய பாரு மக்கா" என்பார். மகள் என்னைப் பார்ப்பாள். பிறகு மைனியின் தாலியைப் பிடித்து விளையாடத் தொடங்கிவிடுவாள்.

மழைக்காலம் முடிந்து, பள்ளிக்கூடத்துக்கு ஒரு ஜீப் வந்தது. சயரோகம் வராமல் தடுக்கப் பிள்ளைகளுக்கு ஊசி போடுகிறவர்கள். வெளிநாடுகளில் எல்லாம் போடுகிற ஊசியாம். முதல் நாள் கையில் லேசாகக் குத்தி மருந்து வைப்பார்கள். மூன்றாம் நாள் வந்து பார்ப்பார்கள். குத்தின இடம் வீங்கியிருந்தால் நோய்க்கிருமி ஏற்கெனவே உடம்புக்குள் போய்விட்டது என்று அர்த்தம், ஊசி கிடையாது. வீங்காதவர்களுக்குத்தான் தடுப்பு ஊசி.

ஊர் பயந்துவிட்டது. நோயையே ஊசியில் வைத்துக் குத்துகிறார்கள் என்று பேச்சு. என்னால்தான் ஜீப் வந்தது என்றும் சிலர் சொன்னார்கள். தாய்மார் பள்ளிக்கூட வாசலோடு நின்றுவிட்டார்கள். மைனி இரண்டு இடுப்பிலும் இரண்டு பிள்ளைகளோடு போனாராம். யாரோ தடுத்தபோது, "நோய எங்க விளையிலயே வச்சிருக்கேன். எனக்கு இல்லாத பயமா ஒங்களுக்கு?" என்று கேட்டுவிட்டு, முதல் ஆளாக என் மகளின் கையை நீட்டினாராம். அதன்பிறகுதான் மற்றவர்கள் உள்ளே வந்தார்கள் என்று என் வீட்டுக்காரர் சொன்னார்.

அந்த மூன்று நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. நோய் தெரிவதற்கு முன்னால் அந்தக் குழந்தையை எத்தனை தடவை முத்தமிட்டிருப்பேன்? கஞ்சியை வாயால் ஊதி ஊதித்தானே ஆற்றிக் கொடுத்தேன்? நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமியதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

மூன்றாம் நாள் மைனி மகளோடு பலாமரத்தடிக்கு வந்தார். குழந்தையின் சட்டைக் கையை மேலே சுருட்டி எனக்கு நேராகப் பிடித்தார்.

"ஒண்ணுமில்ல கேட்டியா. கை வழுவழுன்னு இருக்கு. ஊசியும் போட்டாச்சு."

நான் புரை வாசலில் உட்கார்ந்து அழுதேன். அழுது ஓய்ந்தபிறகுதான் பையனைப் பற்றிக் கேட்கத் தோன்றியது. தொட்டிலில் தூங்குகிறான் என்றார் மைனி.

மருந்து தொடங்கி ஒன்றேகால் வருஷம் கழித்து, மறுபடி படம் எடுத்துப் பார்த்து, நிழல் ஆறிவிட்டது, வீட்டுக்குள் போகலாம் என்றார் டாக்டரம்மா. மகள் என்னிடம் வரவில்லை. மைனியின் முந்தானைக்குள் ஒளிந்தாள். மைனி அவளை வற்புறுத்தவில்லை. தினமும் குளிப்பாட்டும்போது என்னைத் தண்ணீர் ஊற்றச் சொல்வார். அப்படி ஒரு மாதத்தில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

அப்படி ஒரு நாள் பையனைக் குளிப்பாட்டும்போதுதான், அவனையும் நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வருகிறாள் அக்கா என்று என் வீட்டுக்காரர் வாய்தவறிச் சொன்னார். ஜீப்காரர்கள் கை பார்த்த அன்று வீங்கியிருந்தது பையனின் கை. நாங்கள் எல்லோரும் ஒரே அறையில் படுத்த காலத்தில் என்னிடம் இருந்துதான் அவனுக்குப் போயிருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவனைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார் மைனி. எனக்குத் தெரியக்கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

அடுப்படிக்குப் போய், ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். மைனி மீன் கழுவிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"சொன்னா நீ மருந்து குடிப்பியா? நெனச்சு நெனச்சே செத்திருப்ப."

என் மகளுக்குப் பால் கொடுத்த அந்த மாதங்களில் என்மேல் கோபமே வரவில்லையா என்று கேட்டேன். "வந்துச்சு. ரெண்டு மூணு நாளு பலாமரத்துக்கிட்ட வரல்லியே, ஞாபகம் இருக்கா?" என்றார். எனக்கு ஞாபகம் இல்லை. மழை என்று நினைத்திருப்பேன்.

அடுத்த தடவை பையனை நானே கூட்டிப்போகிறேன் என்றேன். மைனியும் நானுமாக அவனோடு போனோம். பஸ்ஸில் அவன் என் மடியில் இருந்தான். டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். சுத்தமாக இருக்கிறது, கிருமி உள்ளே அடங்கிவிட்டது, நன்றாகச் சாப்பாடு கொடுங்கள் என்றார். மைனி என் தோளில் கை வைத்துக்கொண்டு எழுந்தார். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் பையன் பழம் கேட்டான். ஒரு சீப்பு மட்டிப்பழம் வாங்கி, மூன்று பேரும் அங்கேயே நின்று தின்றோம்.