பன்னிரண்டு கோப்பை பாணி

கித்துள் பாணியை நிறுக்காமலேயே, நிறுத்துவிட்டேன் என்று அத்தையிடம் பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் என் அக்காவின் கல்யாணக் கேக் கெட்டது. கேக்கோடு போயிருந்தால் இதை இப்போது எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணமாகி இரண்டாம் வருடமே கணவரை இழந்து, மாத்தளை டவுனில் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தவர். முப்பது முட்டையை உடைத்துச் சட்டியிலிட்டு மரக்கரண்டியால் அடிப்பார். மஞ்சளாகக் கிடந்தது வெளுத்து, நுரைத்து, சட்டியின் விளிம்புவரை எழும்பி வரும்போது நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்பேன். அவரிடம் இருந்த அளவு ஒன்றே ஒன்று: காது உடைந்த ஒரு பீங்கான் கோப்பை. ரவையும் அதில்தான், சீனியும் அதில்தான்.

அக்காவுக்கு உக்குவளையில் மாப்பிள்ளை அமைந்தபோது சீனிக்குப் பெரும் தட்டுப்பாடு. கூப்பனுக்குக் கிடைத்ததை மாதக்கணக்கில் சேர்த்தும் நாலு கோப்பைதான் தேறியது. மிச்சத்துக்கு, கித்துள் மரத்துப் பதநீரைப் பாகாகக் காய்ச்சிய பாணியில் பன்னிரண்டு கோப்பை ஊற்றுவதென்று அத்தை முடிவு செய்தார். ஆனால் அவர் கேக்கைத் தொடுவதே மாப்பிள்ளை வீட்டாருக்குப் பிடிக்கவில்லை. மாதா கோயிலில் ஞாயிறு பூசைக்குத் தவறாதவர்கள்தான். இருந்தும், தாலி இழந்தவள் கை கல்யாணப் பண்டத்தில் படக்கூடாது என்று சொல்லியனுப்பினார்கள்.

"என் தங்கச்சி அடிக்கிற கேக்தான் என் மகளுக்கு" என்றார் அப்பா.

 அன்று மாலை அத்தை அந்தக் கோப்பையைச் சாம்பல் போட்டு இரண்டு தரம் துலக்கினார்.

எங்கள் ஊரில் பெரிய கேக் என்றால் பேக்கரிப் போறணையில்தான் வேகும். பாண் சுட்டு முடிந்த சூட்டில், வீடுகளிலிருந்து வரும் தட்டுகளை உள்ளே தள்ளுவார் பேக்கரிக்கார நானா. பாணியையும் அவர்தான் ரத்தோட்டைப் பக்கமிருந்து எடுத்துத் தருவதாக இருந்தது. அத்தை சொன்ன கோப்பைக் கணக்கைக் கேட்டதும் சிரித்துவிட்டார்.

"பாணியக் கோப்பையால அளக்குறதா? ஒவ்வொரு தரமும் கொஞ்சம் உள்ளுக்கு ஒட்டிக்கிட்டு நிக்குமே தங்கச்சி. பன்னெண்டு தரம் ஒட்டினா என்னாகும்? ஒரு கோப்பை எத்தனை ராத்தல்னு நிறுத்துச் சொல்லுங்க. நான் மொத்தமா நிறுத்துத் தாறேன்."

வகுப்பில் கணக்குக்கு நான்தான் முதல் என்பதால் அந்த வேலை என்னிடம் வந்தது. அதையும் நிறுத்து வைக்கட்டும் என்று ஒரு சுருளில் சீனி, ஒரு போத்தலில் கோப்பையளவு பாணி, துணியில் சுற்றிய கோப்பை. வழியில் மதகுக் கட்டில் உட்கார்ந்து போத்தலைத் திறந்து ஒரு விரல் நக்கினேன். எழுந்தபோது பாணி பாதிக்கும் கீழே போயிருந்தது.

பேக்கரித் தராசில் சீனியை மட்டும் நிறுத்தேன். கோப்பையின் கனம் போக அரை ராத்தல். அதே கோப்பைதானே, எதை நிரப்பினாலும் அதே எடைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாணிக்கும் அரை ராத்தல் என்று துண்டில் எழுதினேன். பன்னிரண்டு கோப்பைக்கு ஆறு ராத்தல்.

கலவையைக் கிளறும்போதே அத்தையின் கை நின்றது.

"இறுகி இருக்கே. நிறுத்துத்தான் பாத்தியா தம்பி?"

"பாத்தேன் அத்தை."

"கோப்பை நிறைய ஊத்தி?"

"தளும்பத் தளும்ப."

கரண்டியை ஒரு தரம் தூக்கிப் பார்த்தார். பிறகு துண்டைப் பார்த்தார். "படிச்ச பிள்ளை எழுதியிருக்கு. எனக்கு என்ன தெரியும்" என்று தொடர்ந்து கிளறினார்.

கல்யாணத்தன்று கத்தி பட்டதும் கேக் மணலாக உதிர்ந்தது. கடதாசியில் சுற்றிக் கொடுக்கத் தூள்தான் இருந்தது. மாப்பிள்ளையின் தாயார் சபையில் எல்லாருக்கும் கேட்கும்படி, "சொன்னா கேட்டாங்களா? அறுத்தவ கை பட்டா இனிப்பும் மண்ணாத்தான் போகும்" என்றார். தட்டோடு நின்ற அத்தை, அதை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. அலுமாரியிலிருந்து கோப்பையை எடுத்துக்கொண்டு நானாவிடம் ஓடினேன். வெறும் கோப்பைக்குச் சமமாக மறுதட்டில் கல் வைத்தார். கூட அரை ராத்தல் படிக்கல்லையும் வைத்தார். பிறகு கோப்பையில் பாணியை ஊற்றினார். பாதி தாண்டிக் கொஞ்சம் ஏறியதுமே தட்டு அசைந்தது. விளிம்பைத் தொட்டபோது மேசையில் டக்கென்று இறங்கி உட்கார்ந்துவிட்டது. கால் ராத்தல் படிக்கல்லைக் கூட வைத்தார். அது எழும்பவில்லை. இன்னும் ஓர் அவுன்ஸ் வைத்த பிறகுதான் முள் நடுவுக்கு வந்தது.

"சீனி மணிமணியாக் கிடக்கு மகன். இடையில எல்லாம் காத்து. பாணியில காத்துக்கு ஏது இடம்?"

நான் அசையாமல் நின்றேன். பிறந்ததிலிருந்து தின்ற சீனிக்குள் கண்ணுக்குத் தெரியாமல் அவ்வளவு வெற்றிடம் இருந்திருக்கிறது. அந்தச் சிறிய கோப்பைக்குள், நான் மேலோட்டமாகப் பார்த்து ஒன்றென்று நினைத்த இரண்டு கனங்கள். செய்த குற்றம்கூடச் சற்று நேரம் மறந்துபோனது. பிறகு கணக்கு தானாகவே மனதில் ஓடியது. ஒன்பதே முக்கால் ராத்தல் வேண்டிய இடத்தில் ஆறு. அத்தையின் கை, தராசில்லாமலே அதைச் சொல்லியிருந்தது.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் தன் வலக்கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப என் கையில ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டார். அறுத்தவள் கை என்ற பேச்சை அவரும் நம்பத் தொடங்கியிருந்தார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

அடுத்த ஞாயிறு அப்பாவுடன் உக்குவளைக்குப் போனேன். மாப்பிள்ளையின் தாயார் முன் கைகட்டி நின்று, பாணி நக்கியதிலிருந்து ராத்தல் கணக்குவரை ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். அவர் கோபிக்கவேயில்லை. என்னை இழுத்து அணைத்துக்கொண்டார்.

"அத்தை மேல பிள்ளைக்கு என்னா பாசம் பாருங்க! பழியத் தன் தலையில போட்டுக்குது" என்று அப்பாவிடம் சொல்லிச் சிரித்தார். தட்டு நிறையக் கொக்கிஸ் பலகாரம் கொடுத்தார்.

ஊர் திரும்பியதும் எங்கள் வீட்டுக்குள் ஓடிப்போய், "சொல்லிட்டேன் அத்தை! அவங்க கோபிக்கவே இல்ல!" என்று கத்தினேன்.

"என்னா சொன்னாங்க?"

அவர் சொன்னதை, அந்தச் சிரிப்பு முதற்கொண்டு, அப்படியே பெருமையாகச் சொன்னேன். அத்தை கேட்டுக்கொண்டார். என் தலையைத் தடவிவிட்டுக் கோப்பையை எடுத்து அலுமாரியில் வைத்தார்.

அதற்குப் பிறகும் அவர் நத்தார்ப் பண்டிகைக்கும் ஞானஸ்நானத்துக்கும் எத்தனையோ கேக் அடித்தார். கித்துள் பாணி சேர்க்கும் போதெல்லாம் என்னைத்தான் நிறுக்கச் சொன்னார். கல்யாணத்துக்கு மட்டும் யாரும் அவரைக் கேட்கவில்லை. அந்த அம்மாள் ஏன் கோபிக்கவில்லை என்று எனக்கு அன்று யோசிக்கத் தோன்றவில்லை. மன்னித்துவிட்டார் என்று நினைத்து, மடியில் கட்டிக் கொண்டுவந்த கொக்கிஸில் இரண்டை அத்தைக்குக் கொடுத்துவிட்டு, மீதியை நானே தின்றேன்.