படகுக் கண்காட்சியில் சித்தப்பா

நான் கேட்ட கேள்விக்கான பதில் என் தோளுக்கு மேலாகப் போயிற்று. காற்று விழுந்துவிட்டால் இந்தப் படகை எப்படிக் கரைக்குக் கொண்டுவருவது என்றுதான் கேட்டேன். விற்பனையாளர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. எனக்குப் பின்னால் நின்று பஞ்சு மிட்டாய் வண்டியை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என் சித்தப்பாவைப் பார்த்து, "அதுக்குத்தான் ரெண்டு துடுப்பு குடுக்கறோம் சார்" என்றார். தன்னிடம்தான் யாரோ பேசுகிறார்கள் என்பது சித்தப்பாவுக்கு உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. பிறகு திரும்பி, "ரெண்டா? பரவாயில்லையே" என்றார். அவர் குரலில் அப்படி ஒரு கனத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்கள் அவை. பெங்களூர் அரண்மனை மைதானத்தில், ஒரு பக்கம் கல்யாணப் பந்தல், இன்னொரு பக்கம் சோபா செட் மேளா, நடுவே படகுக் கண்காட்சி. கடலுக்கு ஒரு ராத்திரி பஸ் பயணம் தள்ளியிருக்கும் ஊரில் யார் படகு வாங்குவார்கள் என்று கேட்காதவர்கள் இல்லை. நான் மட்டும் கேட்கவில்லை. எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. மெக்கானிக்கல் படித்துவிட்டு பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் ப்ரேக் பாகங்களுக்குப் படம் வரைந்துகொண்டிருந்தேன். வேலை முடிந்து கம்பெனி பஸ் இறக்கிவிட்டதும் நேரே பிரௌசிங் சென்டருக்குப் போவேன். உலகத்தின் ஏதேதோ மூலைகளில் தன் கையால் படகு கட்டி ஓட்டியவர்கள் எழுதியதை எல்லாம் படிப்பேன். பாயின் ஒவ்வொரு முனைக்கும், ஒவ்வொரு கயிற்றுக்கும் என்ன பெயர் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒரு பாய்மரப் படகில் நான் கால் வைத்ததில்லை. இதைப் பேச ஒரு ஆள்கூட இல்லை. ஆபீஸில் சொன்னால், "வாங்கு வாங்கு, மழை பேஞ்சா சில்க் போர்டு ஜங்ஷன்ல நீ மட்டும் போயிடலாம்" என்பார்கள். நானும் கூடச் சிரித்துவிட்டு என் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

கண்காட்சி தொடங்கிய அன்றே தனியாகப் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு ஸ்டாலிலும் படகைச் சுற்றி நீல நைலான் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு வெளியே நிற்பவர்கள் பப்ளிக். உள்ளே விடப்படுபவர்கள் பார்ட்டி. இந்த இரண்டு வார்த்தைகளை வைத்துத்தான் அந்தத் தொழில் நடந்தது. யாராவது நெருங்கினால் ஸ்டால் பையன்கள் தங்களுக்குள், "பார்ட்டியா, பப்ளிக்கா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டுக்கொள்வார்கள். பப்ளிக்குக்கு ஒரு துண்டுப் பிரசுரம், குழந்தை இருந்தால் ஒரு பலூன். பப்ளிக் கேட்ட கேள்விகளும் அப்படித்தான் இருந்தன. லிட்டருக்கு எத்தனை கொடுக்கும் என்று ஒருவர் கேட்டார். தண்ணீர் லாரி வராத நாளில் இதில் பிடித்து வைக்கலாமே என்று ஒரு அம்மா தன் வீட்டுக்காரரிடம் ஆலோசனை சொன்னாள். நான் அந்தச் சின்னப் பாய்மரப் படகின் முன்னால் நின்று, உள்ளே ஏறிப் பார்க்கலாமா என்றேன். "வீட்ல சாரைக் கூட்டிட்டு வாங்க மேடம், டீடெய்லா காட்டறோம்" என்றான் ஸ்டால் பையன் ஒருவன். எந்த சாரை என்று நான் கேட்கவில்லை.

அப்படித்தான் சித்தப்பாவை அழைத்துப் போனேன். அப்பா வரமாட்டார். சித்தப்பா எதற்குக் கூப்பிட்டாலும் வருவார். அரசாங்கத் தொழிற்சாலை ஒன்றில் லேத் மெஷினில் வேலை பார்த்தவர். விருப்ப ஓய்வு என்ற பெயரில் கூட்டம் கூட்டமாக அனுப்பினார்களே, அதில் வெளியே வந்திருந்தார். சித்தி பள்ளிக்கூட டீச்சர். காலையில் போனால் மாலையில்தான் வருவாள். குழந்தைகள் இல்லை. அல்சூர் வீட்டில் பகல் முழுக்க அவர் ஒருவர்தான். டெண்டர் அறிவிப்புகள் வரை பேப்பர் படித்து முடித்துவிட்டு, குக்கர் கைப்பிடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பார். "போட் ஷோவா? சரி, சட்டை மாத்திக்கிட்டு வரேன்" என்றவர், தொழிற்சாலைக்குப் போட்டுப்போன கறுப்பு ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு வந்தார்.

ஷூ நன்றாகவே வேலை செய்தது. கயிறு தானாக இறங்கியது. "பன்னி சார், பன்னி" என்று கன்னடத்தில் வரவேற்றார் விற்பனையாளர். வாங்க என்று அர்த்தம்தான், ஆனாலும் சித்தப்பா என் காதில், "என்னைப் பார்த்தா எப்படித் தெரியுது இவனுக்கு?" என்று கிசுகிசுத்தார். நாங்கள் தமிழ் என்று தெரிந்ததும் விற்பனையாளர் உடனே தமிழுக்குத் தாவிவிட்டார். படகின் பளபளப்பில் கீறல் விழுந்துவிடும் என்பதால் ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் ஏறவேண்டும். சித்தப்பா குனிந்து கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு, ஏறுவதற்கு முன், படகின் விளிம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். முப்பது வருஷம் தினமும் காலையில் ஷூவைக் கழற்றிவிட்டு மெஷினைத் தொட்டுக் கும்பிட்டு ஸ்விட்ச் போட்ட கை அது. வெறுங்காலோடு ஒரு இயந்திரத்தின் பக்கத்தில் நின்றதும் பழக்கத்தில் போய்விட்டது. ஆனால் விற்பனையாளருக்கு அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் இருந்தது. வாங்குவதென்று முடிவு செய்த வண்டியைத்தான் ஷோரூமில் மனிதர்கள் அப்படித் தொடுவார்கள். அவர் கண்ணில் ஒரு விளக்கு எரிந்தது. "டேய், சாருக்கு ஒரு சேர். காபி சொல்லு."

அதன்பின் ஒரு விசித்திரமான அஞ்சல் போக்குவரத்து நடந்தது. நான் கேள்வியை சித்தப்பாவின் காதில் சொல்வேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு அதையே உரக்கக் கேட்பார். பதில் அவருக்குப் போகும். அவர் தலையாட்டிவிட்டு, "கேட்டுக்கிட்டியா?" என்பதுபோல் என்னைப் பார்ப்பார். படகு கவிழ்ந்தால் ஒரு ஆளால் நிமிர்த்த முடியுமா, பாயை ஏற்ற எவ்வளவு நேரம் ஆகும், பாய்மரத்தைக் கழற்றி ஜீப் மேல் கட்டலாமா என்று நான் சேர்த்து வைத்திருந்த எல்லாவற்றையும் கேட்டேன், அவர் வாய் வழியாக. பதில் கிடைத்த சந்தோஷத்தில் அவமானம் அன்று உறைக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அத்தனை நேரத்தில் அந்த ஆள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் சனிக்கிழமை, அரை நாள் வேலை. மதியம் சித்தப்பா வீட்டுக்குப் போன் செய்தால், பள்ளிக்கூடம் லீவு என்பதால் சித்தி எடுத்தாள். "காலைல ஷூ போட்டுக்கிட்டுப் போனார்டி. எங்கன்னு கேட்டா, சும்மா இங்கதான்னார். உன்கூட இல்லையா?" எனக்குத் தெரிந்துவிட்டது. நேரே அரண்மனை மைதானத்துக்குப் போனேன். கயிற்றுக்கு உள்ளே, படகுக்குள் சாய்ந்து உட்கார்ந்து, வெளியே நின்ற யாரோ ஒருவருக்கு அவர் விளக்கிக்கொண்டிருந்தார். "அப்படி இல்லீங்க. காத்து விழுந்துட்டா துடுப்பு இருக்கு. கவுந்தாக்கூட ஒரே ஆள் நிமித்திடலாம்." முந்தின நாள் என் கேள்விக்கு வந்த பதில்கள் அவை. பக்கத்தில் விற்பனையாளர் கைகட்டி, பெருமையோடு கேட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சித்தப்பாவின் முகம் ஒரு கணம் மாறியது. பிறகு சமாளித்துக்கொண்டு, "வா வா. நாளைக்குக் காலைல ஏரில ட்ரயல் இருக்காம். பார்ட்டிங்களுக்கு மட்டும்தான். கூட ஒருத்தர் வரலாம்னாங்க, உன்னைச் சொல்லியிருக்கேன்" என்றார்.

கோபப்படலாம் என்று வந்த எனக்கு அதைக் கேட்டதும் மற்றதெல்லாம் மறந்துபோயிற்று. நிஜத் தண்ணீர். நிஜக் காற்று. சுக்கானை ஒரே ஒரு முறை கையில் பிடித்துப் பார்த்துவிட்டால் போதும். இத்தனை நாள் படித்ததெல்லாம் என் கையில் இருக்கிறதா, வெறும் மண்டைக்குள் மட்டும்தானா என்று தெரிந்துவிடும். கையில் இருந்தால் ப்ரேக் வேலையை விட்டுவிடுவது, படகு கட்டும் இடம் எதிலாவது போய் நிற்பது என்று மனசுக்குள் தீர்மானம் செய்திருந்தேன். இல்லையென்றால் பேசாமல் ப்ரேக்.

ஊருக்கு வெளியே இருந்த அந்த ஏரியில் நாங்கள் போனபோது இளவெயில். மூன்று பேர் ஏறினோம்: கயிறுகளைப் பார்த்துக்கொள்ள விற்பனையாளர், சித்தப்பா, நான். பாய் காற்றைப் பிடித்துப் படகு சாய்ந்து நழுவிய அந்த முதல் கணத்தைப் பற்றி நான் எத்தனையோ பேர் எழுதியதைப் படித்திருந்தேன். ஒருவரும் சரியாக எழுதவில்லை. "நீங்களே பிடிங்க சார்" என்று சுக்கானின் கைப்பிடி சித்தப்பாவிடம் தரப்பட்டது. அவர் இரண்டு கையாலும் பிடித்தார். பாய் படபடத்தபோது நான் மெல்ல, "உங்க பக்கம் இழுங்க சித்தப்பா" என்றேன். இழுத்தார், பாய் நிறைந்து படபடப்பு அடங்கியது. "சூப்பர் சார். முன்னாடி ஓட்டியிருக்கீங்களா?" என்றார் விற்பனையாளர். "கொஞ்சம்" என்றார் சித்தப்பா. இன்னொரு முறை சொன்னேன். அதையும் சரியாகச் செய்தார். நான் சொல்லச் சொல்ல அந்தப் படகு கேட்டது. எனக்கு வேண்டிய பதில் பாதி கிடைத்துவிட்டது. மீதிப் பாதிக்கு என் கையில் அது வரவேண்டும்.

கரைக்குத் திரும்பும் நேரம். நான் முதல்முறையாக விற்பனையாளரிடம் நேராகவே கேட்டேன். "நான் ஒரு தடவை பிடிக்கட்டுமா?"

அவர் சித்தப்பாவைப் பார்த்தார். "குடுக்கலாமா சார்?"

சித்தப்பா என்னைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்தபடி, "வேண்டாம்ப்பா. அவளுக்குப் பழக்கமில்லை" என்றார்.

அதில் பொய் எதுவும் இல்லை. எனக்குப் பழக்கமில்லைதான். படகு கரைக்கு வந்தது. ஷூவைப் போட்டுக்கொண்டு, விற்பனையாளரிடம் கைகுலுக்கி, வீட்டு நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தார் சித்தப்பா. பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை எனக்கு விட்டுக்கொடுத்தார்.

அதற்குப் பிறகு பல மாதங்கள் அந்த ஆள் சித்தப்பாவுக்குப் போன் செய்துகொண்டிருந்தார். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், உடனே சித்தப்பா எனக்குப் போன் செய்வார். "பாயைப் பத்தி இன்னும் ஏதாவது கேக்கணும்னா சொல்லு, அடுத்த தடவை கேக்கறேன்" என்பார். ஒன்றுமில்லை சித்தப்பா என்பேன். உண்மையில் ஆயிரம் இருந்தது. கொஞ்ச நாளில் அவர் போன் செய்வது நின்றது. நானும் ஊரை விட்டுக் கிளம்பினேன். சுக்கானைத் தொட்டுப் பார்க்காமலேயே, மீதிப் பாதிப் பதில் தெரியாமலேயே, கடலோரத்தில் ஒரு படகுப் பட்டறையில் போய்ச் சேர்ந்தேன். படித்ததெல்லாம் கையில் இருக்கத்தான் செய்தது என்று அங்கே தெரிந்தது. ஆனால் தொழில் அப்படியேதான் இருந்தது. நான் வரைந்த படகைப் பார்க்க வருபவர்கள், வரைந்த சார் எங்கே என்று கேட்பார்கள். மாலையில் பட்டறை மூடியபின் தனியாக ஒரு படகை எடுத்துக்கொண்டு போவேன். தண்ணீரில் யாரும் யாரையும் தேடுவதில்லை.

பல வருஷம் கழித்து, கண் ஆபரேஷன் முடிந்திருந்த சித்தப்பாவைப் பார்க்கப் போனேன். பச்சைத் துணிக்குப் பின்னால் கண்ணை மூடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சித்தி பள்ளிக்கூடத்தில். நான் கேட்காமல் அவரே ஆரம்பித்தார்.

"அன்னிக்கு அந்தச் சுக்கான் கட்டையை உன்கிட்ட குடுத்திருந்தா, நீ ரெண்டு நிமிஷத்துல ஓட்டிக் காமிச்சிருப்ப. அப்புறம் அவன் உன்னோடதான் பேசியிருப்பான். என்னோட எதுக்குப் பேசப் போறான்?"

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார், அவ்வளவுதான். அந்த வீட்டின் பகலை நான் அன்றுதான் முழுதாகக் கேட்டேன். ஃபேன் சத்தம், மாடியில் யாரோ பாத்திரம் நகர்த்துவது. அதைத் தவிர ஒன்றும் இல்லை.

"கடைசியா அவன்கிட்ட என்னதான் சொன்னீங்க?" என்றேன்.

"எத்தனை நாள்தான் யோசிச்சுக்கிட்டிருக்கோம்னு சொல்றது? அவனும் பாவம். பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கோம், இப்ப போட்டெல்லாம் முடியாதுப்பான்னு சொல்லிட்டேன். ட்ரயல்ல கூட வந்தாங்களே, அவங்களா சார்னு கேட்டான். ஆமான்னேன்." பிறகு, "உனக்கு விஷ் பண்ணதாச் சொல்லச் சொன்னான். மறந்தே போச்சு" என்றார்.

எனக்குக் கல்யாணம் எதுவும் நிச்சயமாகியிருக்கவில்லை. அவருக்குப் பெண்ணும் இல்லை. ஆனால் படகுத் தொழிலில் இருந்த ஒருவர், எனக்கென்று சொல்லி அனுப்பிய முதல் வார்த்தை அதுதான். நான் தேங்க்ஸ் என்றேன். சித்தப்பா, அந்த விற்பனையாளர் சார்பில், தலையாட்டி வாங்கிக்கொண்டார்.